குழந்தை இறந்தும் கண்ணீர் வரவில்லை. நான் நர்ஸாக இருக்கத் தகுதியற்றவளா?

தென் மாவட்டம் ஒன்றின் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கும் 36 வயது சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். யார் என்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

பதினோரு வருட சர்வீஸ். கடைசி நான்கு வருடங்கள் பச்சிளங்குழந்தைகள் சிறப்புப் பிரிவில், அதாவது எஸ்.என்.சி.யு.வில். குறைமாதக் குழந்தைகள், பிறந்ததும் அழாத குழந்தைகள், கிருமித் தொற்று, மஞ்சள் காமாலை என்று வார்டு எப்போதும் நிறைந்தே இருக்கும். நைட் டூட்டியில் 18 குழந்தைகளுக்கு இரண்டு நர்ஸ்கள். மூன்று மாதத்துக்கு முன், 1,100 கிராம் எடையில் பிறந்து 19 நாள் தாக்குப்பிடித்த ஓர் ஆண் குழந்தை விடியற்காலையில் இறந்துவிட்டது. அந்த நேரத்தில் இவர் அடுத்த வரிசையில் ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டிருந்த வேறொரு குழந்தையிடம் இருந்தார். கொஞ்ச நேரத்தில் தாய்மார் தங்கும் அறையிலிருந்து அந்தக் குழந்தையின் அம்மா பாலைப் பீய்ச்சி ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு வந்து, "சிஸ்டர், இன்னைக்குப் பால் கொஞ்சம் கூடவே வந்திருக்கு" என்றாராம். டாக்டர் இன்னும் அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கவில்லை. "டாக்டர் வந்து பேசுவாரும்மா" என்று சொல்லிவிட்டு இவர் திரும்பி நடந்துவிட்டார். கேஸ் ஷீட் எழுதினார், ரிஜிஸ்டரை முடித்தார், வீட்டுக்கு வந்து குளித்துச் சமைத்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

அதன் பிறகு எந்தக் குழந்தை இறந்தாலும் ஒன்றும் தோன்றவில்லை. குணமாகிப் போகும் குழந்தையைப் பார்த்தாலும் சந்தோஷம் வரவில்லை. ஆனால் வீட்டில் குக்கர் விசில் அடித்தால் மானிட்டர் அலாரம் என்று தூக்கிவாரிப் போடுகிறது. அந்தக் குழந்தை இருந்த வார்மர், அதாவது சூடு தரும் படுக்கை, பக்கம் போகாமல் டூட்டியை மாற்றிக்கொள்கிறார். தங்கையின் வளைகாப்பில் வளையல் சத்தம்கூட எரிச்சலாக இருந்ததாம். ஒன்பது வயது மகன் காய்ச்சல் என்று வந்து நின்றால், "ஒன்னும் ஆகாது, போய்ப் படு" என்கிறார். அவனும் குறைமாதத்தில் பிறந்து எட்டு நாள் வார்மரில் இருந்தவன். தூக்கத்துக்காகத் தெரிந்த மெடிக்கல் ஷாப்பில் அல்பிரசோலம் வாங்கிப் போடுகிறார். அரை மாத்திரையில் ஆரம்பித்து இப்போது முழு மாத்திரை.

அவர் கேட்பது: "நான் கல்நெஞ்சக்காரி ஆகிவிட்டேனா? 'மனசைக் கல்லாக்கிக்கிட்டாத்தான் இந்த வேலையில் நிக்க முடியும்' என்று சீனியர்கள் சொல்வது சரிதானா? வேலையை விட்டுவிட்டுக் கணவரின் மொபைல் கடையில் உட்காரவா, இல்லை வளைகுடாவுக்குப் போகவா? மனநல மருத்துவரிடம் போனால் 'மெண்டல்' என்று முத்திரை குத்தி வேலைக்கு உலை வைத்துவிட மாட்டார்களா?"

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு முதலில் பதில். இல்லை. கல்நெஞ்சக்காரிக்குக் குக்கர் விசில் குக்கர் விசிலாகத்தான் கேட்கும். அந்த விடியற்காலையை உங்கள் உடம்பு இன்னும் விடவில்லை. கண்ணீர் வராததை வைத்து நீங்கள் உங்களை எடைபோடுகிறீர்கள். தாங்க முடியாத அளவுக்கு வந்து குவியும்போது மனம் உணர்ச்சியின் சத்தத்தையே குறைத்துவிடும். துக்கத்தை மட்டும் தனியாகக் குறைக்க அதற்குத் தெரியாது. சந்தோஷமும் சேர்ந்தே குறையும். குழந்தை குணமாகிப் போகும்போது மகிழ்ச்சி வராததும், இறந்தபோது அழுகை வராததும் ஒரே விஷயத்தின் இரண்டு பக்கங்கள்.

இது உங்களுக்கு மட்டும் வந்ததல்ல. 1992-லேயே அமெரிக்காவில் கார்லா ஜாய்ன்சன் என்ற செவிலியர், அவசரப் பிரிவில் வேலை பார்ப்பவர்களிடம் இதைக் கவனித்து எழுதினார். கம்பாஷன் ஃபட்டீக் என்று அப்போது வைத்த பெயர்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நாம் பரிவுச் சோர்வு என்று சொல்லிக்கொள்ளலாம். பிறகு உளவியலாளர் சார்லஸ் ஃபிக்லி அதை விரிவாக ஆராய்ந்தார். பெத் ஸ்டாம் என்பவர் உருவாக்கிய 30 கேள்விகள் கொண்ட ஒரு படிவமும் இருக்கிறது. கடந்த 30 நாட்களை மனதில் வைத்துப் பதில் சொல்ல வேண்டும். அது மூன்று விஷயங்களைத் தனித்தனியாக அளக்கும்: வேலையில் கிடைக்கும் நிறைவு, வேலையால் வந்த களைப்பு, அடுத்தவர் துயரத்தைப் பார்த்ததால் நமக்கு ஏற்பட்ட அதிர்ச்சி. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. போட்டுப் பாருங்கள், ஆனால் அதில் வரும் எண்ணை வைத்து நீங்களே நோயை முடிவு செய்துவிடாதீர்கள். அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

மூன்று முடிச்சு, மூன்றும் வேறு வேறு

உங்கள் கடிதத்தில் எல்லாம் ஒரே மூட்டையாக இருக்கிறது. பிரித்துப் பார்த்தால்தான் எதற்கு என்ன செய்வது என்று தெரியும்.

அலாரம் கேட்பது போல் திடுக்கிடுவது, அந்த வார்மரைத் தவிர்ப்பது, தூக்கம் கெட்டது: இவை அதிர்ச்சியின் அடையாளங்கள். லீவ் எடுத்து ஊருக்குப் போய் வந்தால் மட்டும் சரியாகிவிடும் ரகம் இல்லை. இதற்கென்று பேச்சு சிகிச்சை முறைகள் இருக்கின்றன, நன்றாகவே பலன் தருகின்றன.

நைட்டில் ஒருவருக்கு ஒன்பது குழந்தைகள், ரிஜிஸ்டருக்கு மேல் ரிஜிஸ்டர், வீட்டில் எதற்கெடுத்தாலும் எரிச்சல்: இது பர்ன் அவுட், அதாவது வேலையால் வந்த களைப்பு. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பட்டியலில் இதை நோய் என்று சொல்லவில்லை, வேலையிடம் சார்ந்த நிலை என்றுதான் சொல்கிறது. அப்படியானால் மருந்தும் வேலையிடத்தில்தான் இருக்க வேண்டும். எஸ்.என்.சி.யு.க்களுக்கான தேசிய வழிகாட்டுதல் மூன்று நான்கு படுக்கைக்கு ஒரு நர்ஸ் என்கிறது. ஒன்பது குழந்தைகளை வைத்துக்கொண்டு "எனக்குப் பொறுமை போய்விட்டது" என்று நீங்கள் வருந்துவதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. உங்கள் மேல் இல்லை.

மூன்றாவதை நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள்: "நான் அங்கே நின்றிருந்தால்..." செய்ய வேண்டியது எது என்று தெரிந்திருந்தும், சூழ்நிலை செய்ய விடாதபோது வரும் அறுப்பு இது. தத்துவ அறிஞர் ஆண்ட்ரூ ஜேம்டன் 1984-ல் செவிலியர் பணியைப் பற்றி எழுதியபோது இதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். நீங்கள் நின்றிருந்தால் குழந்தை பிழைத்திருக்குமா என்பதை ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது. சும்மா "உங்கள் தப்பில்லை" என்றால் நீங்கள் நம்பவும் மாட்டீர்கள். உங்கள் யூனிட் டாக்டரிடம் கேளுங்கள். குழந்தை இறப்புகளை ஆய்வு செய்யும் கூட்டத்தில் அந்தக் குழந்தைக்கு என்ன காரணம் பதிவானது, கடைசி ஆறு மணி நேர வைட்டல்ஸ் (நாடித்துடிப்பு, மூச்சு போன்ற அளவுகள்) என்ன சொன்னது என்று உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். காரணம் தெரியாத இடத்தில்தான் குற்றவுணர்வு குடியேறும். 19-ஆம் நாளில் 1,100 கிராம் குழந்தைக்கு என்னென்ன ஆகக்கூடும் என்று உங்களுக்கே தெரியும். ஆனாலும் இன்னொருவர் வாயால் கேட்பது வேறு.

மனசைக் கல்லாக்கிக்கொள்ளலாமா?

சீனியர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர்கள் பிழைத்துவந்த வழி அது. ஆனால் கல்லாக்கிப் பார்த்தாயிற்றே, மூன்று மாதமாக! வீட்டில் மகனுக்கும் அந்தக் கல்தான் கிடைக்கிறது.

அதே சமயம், "இன்னும் உருகி உருகிப் பார்க்க வேண்டும்" என்று எதிர்ப்பக்கம் போவதும் சரியில்லை. மூளை ஆய்வாளர்கள் தானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி ஆகியோர் நடத்திய ஆய்வுகளில் ஒரு நல்ல விஷயம் தெரியவந்தது. மற்றவர் துன்பத்தை அப்படியே தன் துன்பமாக உணரப் பயிற்சி எடுத்தவர்கள், துன்பக் காட்சிகளைப் பார்த்தபோது முன்பைவிட அதிகமாக வாடிப்போனார்கள். பிறகு அவர்களுக்கே, துன்பப்படுபவர் நலம்பெற வேண்டும் என்று அக்கறையோடு நினைக்கும் பயிற்சி கொடுத்தபோது அந்த வாட்டம் தணிந்தது, நல்ல உணர்வுகளும் கூடின. ஆக, சோர்வு பரிவால் வருவதில்லை. அடுத்தவர் வலிக்குள் நாமே போய்ப் படுத்துக்கொள்வதால் வருகிறது.

ஒவ்வொரு குறைமாதக் குழந்தையிலும் உங்கள் மகனைப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நான்கு வருடமாக ஒவ்வொரு டூட்டியிலும் உங்கள் பிள்ளையே வார்மரில் கிடக்கிறான் என்றால் யாரால் தாங்க முடியும்? இதற்குப் பெரிய தியானமெல்லாம் வேண்டாம். ஒவ்வொரு குழந்தையைத் தொடுமுன்னும் கையைச் சுத்தம் செய்ய ஹேண்ட் ரப் போடுகிறீர்கள், 20 முதல் 30 வினாடி. அந்த நேரத்தில் பாதம் தரையில் பதிவதைக் கவனியுங்கள். ஒரு மூச்சு. "இது அவன் இல்லை. இந்தக் குழந்தைக்கு இப்போது என்ன வேண்டும்?" என்று மனதுக்குள் கேளுங்கள். கேட்டதும் கைக்கு ஒரு வேலை கிடைக்கும். ட்யூப் சரியாக இருக்கிறதா, பாதம் சில்லென்று இருக்கிறதா, படுக்கை மடிப்பு முதுகில் அழுத்துகிறதா என்று.

அந்த அம்மாவிடமிருந்து திரும்பி நடந்தது உங்களை உறுத்திக்கொண்டே இருக்கிறது. இறப்பைச் சொல்ல வேண்டியவர் டாக்டர். அதை நீங்கள் முந்திச் சொல்லாதது சரிதான். இனி இப்படி ஒரு நேரம் வந்தால், "உக்காருங்கம்மா. டாக்டர் இப்ப வருவாரு. அதுவரைக்கும் நான் உங்க கூட இருக்கேன்" என்றால் போதும். கிண்ணத்தைக் கையில் வாங்கிப் பத்திரமாக வையுங்கள், அவர் கண் முன்னால் கொட்டிவிடாதீர்கள். டாக்டர் சொன்ன பிறகு, அவர் விரும்பினால் குழந்தையைத் துணியில் சுற்றி மடியில் கொடுங்கள். குழந்தை போன பிறகும் பால் சுரக்கும், கட்டிக்கொள்ளும், வலிக்கும். இதைப் பல தாய்மார்களிடம் யாருமே சொல்லி அனுப்புவதில்லை. குளிர்ந்த ஒத்தடம் கொடுக்கலாம், மார்பைத் தாங்கும் உள்ளாடை போடலாம், முழுதாகப் பீய்ச்சாமல் வலி குறையும் அளவுக்கு மட்டும் எடுக்கலாம், சிவந்து காய்ச்சல் வந்தால் உடனே வர வேண்டும் என்று இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம். உங்கள் கண்ணீரைவிட இது அவருக்கு உதவும். கண் கலங்கினால் கலங்கட்டும், அதுவும் தப்பில்லை.

நிறைவு எங்கே போனது?

பரிவுச் சோர்வும் வேலை நிறைவும் ஒன்று ஏறினால் மற்றது இறங்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் இரண்டும் ஒரே ஆளிடம் ஒரே மாதத்தில் இருக்கவும் செய்யும். அதனால்தான் அந்தப் படிவம் இரண்டையும் தனித்தனியாக அளக்கிறது. சோர்வு முழுக்கத் தீர்ந்த பிறகுதான் நிறைவு வரும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

உங்கள் பிரிவில் ஒரு சிக்கல் உண்டு. மரணம் உங்கள் கண் முன்னால் நடக்கிறது. பிழைத்த குழந்தை டிஸ்சார்ஜ் ஆகும்போது இன்னும் ஒன்றரைக் கிலோ, கண் திறந்தும் திறக்காமலும் இருக்கிறது. அது உட்காருவதையும் நடப்பதையும் நீங்கள் பார்ப்பதே இல்லை. உங்கள் உழைப்பின் பலனெல்லாம் வேறு கட்டடத்தில், புறநோயாளிகள் வரிசையில் நிற்கிறது. கண் விழித்திரைப் பரிசோதனைக்கும், வளர்ச்சியைப் பார்க்கவும், வளர்ச்சிக் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கவனிக்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கும் அந்தக் குழந்தைகள் திரும்பத் திரும்ப வருவார்கள். மாதம் ஒருமுறை ஒரு காலை அந்த ஃபாலோ அப் ஓ.பி.யில் டூட்டி கேளுங்கள். டூட்டி தராவிட்டால் ஒரு மணி நேரம் சும்மா போய் உட்காருங்கள். முதல் தடவை ஒன்றும் தோன்றாமல் போகலாம். தோன்றியே ஆக வேண்டும் என்று மனதைப் பிடித்து உலுக்காதீர்கள்.

2020-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13. அந்த வித்தியாசத்தில் நைட் டூட்டி பார்த்த நர்ஸ்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. மேடையில் இதைச் சொல்லிவிட்டு ரோஸ்டரில் ஆள் போடாமல் இருப்பது வேறு கதை.

அல்பிரசோலம்

இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டுமோ என்று யோசித்தேன். அரை மாத்திரை ஒன்றானதே உடம்பு பழகிவிட்டதற்கு அடையாளம். நாளைக்கே நிறுத்திவிடவும் வேண்டாம். தினமும் போட்டுப் பழகியதைச் சட்டென்று விட்டால் தூக்கம் இன்னும் கெடும், படபடப்பு வரும், சிலருக்கு வலிப்பும் வரலாம். டாக்டர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அல்பிரசோலம் எச்1 அட்டவணை மருந்து, சீட்டு இல்லாமல் கொடுக்கவே கூடாது. தெரிந்த கடைக்காரர் உதவி செய்வதாக நினைக்கிறார். மயக்கம் தெளியாத காலையில் ஒரு கிலோ குழந்தைக்கு நீங்கள் மருந்து அளவு கணக்குப் போடுகிறீர்கள் என்பதையும் யோசியுங்கள்.

வளைகாப்பு விஷயத்துக்கும் இங்கேதான் வருகிறேன். வார்டில் மட்டும் மரத்துப்போயிருந்தால் பரிவுச் சோர்வு என்று நிறுத்திக்கொள்ளலாம். தங்கையின் வளைகாப்பும் ருசிக்கவில்லை என்றால் மனச்சோர்வு நோயும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். கூடவே ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள்.

ராஜினாமா, வளைகுடா, லீவ்

தூங்காத மனதோடு ராஜினாமா எழுதாதீர்கள். ஏற்கப்பட்ட ராஜினாமாவைத் திரும்பப் பெறுவது அரசுப் பணியில் லேசான காரியமில்லை. மொபைல் கடை எங்கேயும் போய்விடாது. வளைகுடாவுக்குப் போனாலும் அனுபவத்தைப் பார்த்து உங்களை அநேகமாகப் பச்சிளங்குழந்தை ஐ.சி.யு.வில்தான் போடுவார்கள். பக்கத்தில் மகனும் கணவரும் இருக்க மாட்டார்கள். இன்னொன்று, ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளில் அல்பிரசோலம் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. அனுமதி இல்லாமல் பையில் கொண்டுபோனால் விமான நிலையத்திலேயே வம்பு.

என் யோசனை: முதலில் டாக்டரைப் பாருங்கள். அவர் சொன்னால் மருத்துவச் சான்றோடு சில வாரம் விடுப்பு எடுங்கள். திரும்பி வரும்போது ஆறு மாதத்துக்காவது தடுப்பூசிப் பிரிவு, பிரசவத்துக்குப் பிந்தைய வார்டு மாதிரி ஓரிடத்துக்கு மாற்றிக் கேளுங்கள். மாற்றம் கேட்பது தோல்வி இல்லை. அதற்குப் பிறகும் நர்சிங் வேண்டாம் என்று தோன்றினால் தாராளமாக விடுங்கள். அப்போது அது தெளிவாக எடுத்த முடிவாக இருக்கும்.

நர்சிங் சூப்பிரண்டெண்டுக்கு எழுதும் கடிதத்தில் "மனம் பாதிக்கப்பட்டேன்" என்று எழுத வேண்டாம். எண்களை எழுதுங்கள். தேதி, ஷிப்ட், குழந்தைகள் எத்தனை, அதில் சுவாசக் கருவியில் எத்தனை, நர்ஸ்கள் எத்தனை. ஒரு மாதத்துக்கு எழுதி, முடிந்தால் நாலு பேராகக் கையெழுத்துப் போட்டு, நகல் வைத்துக்கொண்டு கொடுங்கள். கண்ணீரைக் கோப்பில் போட்டு மூடிவிடலாம், எண்ணை மூடுவது கொஞ்சம் கஷ்டம். உடனே ஆள் வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. வேலைப்பளுவின் பழி உங்கள் தலையில் விழாமல் இருக்க அந்த நகல் உதவும்.

'மெண்டல்' என்ற பயம்

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017 உங்கள் பக்கம் இருக்கிறது. அதன் 23-ஆவது பிரிவின்படி, உங்கள் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவரின் கடமை. மனநோய் இருக்கிறது என்று கண்டறிவதாலேயே ஒருவரைச் சித்தசுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ள முடியாது என்று 3-ஆவது பிரிவு சொல்கிறது. நீதிமன்றம் அறிவித்தால்தான் அப்படி. டாக்டரைப் பார்த்ததற்காக வேலை போய்விடும் என்பது வீண் பயம். ஆனால் சட்டம் வாயை அடைக்காது. உங்கள் மருத்துவமனையிலேயே சீட்டுப் போட்டால் மதியத்துக்குள் கேண்டீன் வரை போய்விடும் என்று நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. பக்கத்து மாவட்டத்தில் பாருங்கள், இல்லையென்றால் தனியாரிடம் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. "இருந்து என்ன பிரயோசனம்" என்ற எண்ணமோ, உங்களுக்கு நீங்களே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுவதோ ஒரு தடவை தலைகாட்டினாலும் அந்த எண்ணைக் கூப்பிடுங்கள், கணவரிடமும் சொல்லுங்கள், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

வார்டில் ஒரு சின்ன வழக்கத்தையும் ஆரம்பித்துப் பார்க்கலாம். அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழக மருத்துவமனையின் செவிலியர் ஜொனதன் பார்டெல்ஸ் தொடங்கியது. ஒரு நோயாளி இறந்ததும், அங்கே இருந்த டாக்டர், நர்ஸ், வார்டு பணியாளர் எல்லோரும் ஒரு நிமிடம் பேசாமல் நிற்பார்கள். அவ்வளவுதான். செலவில்லை, யாரிடமும் உத்தரவு வாங்க வேண்டாம். ஆனால் எல்லோரையும் உட்காரவைத்து "என்ன நடந்தது, என்ன உணர்ந்தாய், சொல்லு" என்று கட்டாயப்படுத்தும் கூட்டம் வேண்டாம். ஒரே தடவையில் நடத்தும் அந்த மாதிரிக் கூட்டங்கள் அதிர்ச்சிக்குப் பிந்தைய பாதிப்பைத் தடுப்பதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பேச விரும்புகிறவர் விரும்பும்போது பேசட்டும்.

மகனைப் பற்றிக் கடைசியில் கேட்டிருந்தீர்கள், அவனிடம் என்ன சொல்வது என்று. வார்டில் நடந்ததை எல்லாம் அவனிடம் சொல்ல வேண்டியதில்லை. "அம்மாவுக்கு ராத்திரி டூட்டி கஷ்டமா இருந்துச்சுடா. உன் மேல கோபம் இல்ல. அரை மணி நேரம் படுத்துட்டு வந்து உன்கூட இருக்கேன்" என்றால் ஒன்பது வயதுக்கு நன்றாகவே புரியும். அரை மணிக்கு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், சொன்ன நேரத்துக்கு எழுந்து போய்விடுங்கள். அவனுக்குக் காய்ச்சல் என்றால் மட்டும் முதலில் தெர்மாமீட்டர், அப்புறம்தான் படுக்கை.